சொரிமுத்து ஐயனார் கோயில்: ஆடி அமாவாசைக்குப் போவதா, வேறு நாளில் போவதா?

ராமமூர்த்திநகர் மருமகள்:
எங்கள் வீட்டுக்காரர் பக்கம் குலசாமி, திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே மலைக்காட்டில் இருக்கிற காரையாறு சொரிமுத்து ஐயனார். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் நான் போனதில்லை. ஆடி தவறாமல் மாமனார்தான் பெங்களூருவில் இருந்து தனியாக ரயிலேறிப் போய் வருவார். அவர் தவறி, வருஷத் திவசமும் முடிந்துவிட்டது. அந்தக் கோயிலில் இருக்கிற பட்டவராயன் சாமிக்குச் செருப்பு நேர்ந்து வைத்திருந்தாராம், அது பாக்கி நிற்கிறது என்று அத்தை சொல்கிறார்கள். மூன்று வயதுப் பையனுக்கும் அங்கேதான் முடியிறக்க வேண்டும். அமாவாசைக்கே போவதா, கூட்டமில்லாத நாளாகப் பார்ப்பதா? கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் என்னென்ன கட்டுப்பாடு? அப்புறம், பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அத்தையிடம் எப்படிச் சொல்வது?

விகேபுரத்தான்:
தங்கச்சி, நான் பிறந்தது விக்கிரமசிங்கபுரம், இப்போது பெங்களூரு பீனியாவில் இருக்கிறேன். சின்னப் பிள்ளையும் வயசான அம்மாவும் கூட வருவதால் அமாவாசை வேண்டாம். அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும், சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டியிருக்கும். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது பத்து நாள் குடிசை போட்டுத் தங்கியிருக்கிறோம், சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவதைப் பார்க்கவே முண்டியடிப்போம். அந்த ஜமீன்தார், பெரியவர் தீர்த்தபதி, 2020இல் மறைந்துவிட்டார். ஆனால் சாமி அந்தக் கூட்டத்தில் மட்டும் இல்லை. சாதாரண நாளில் போனால் ஆற்றுச் சத்தம் கேட்கும், சிங்கவால் குரங்கு இருக்கிற காட்டுக்குள் நிற்கிறோம் என்பது உடம்புக்கே தெரியும்.

சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம், பிறகு பஸ்ஸில் பாபநாசம். கோயில் இருக்கிற களக்காடு முண்டந்துறை 1988இல் அறிவித்த காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே விடமாட்டார்கள். பொட்டு வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள். பொங்கல் வைக்க விறகு கொண்டுபோங்கள், அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது.

செருப்பு தோலில் இருக்கட்டும். நாங்கள் சிவாஜிநகரில் சொல்லித் தைத்து வாங்கினோம். பையனுக்குக் கதையையும் சொல்லுங்கள்: பட்டவராயன் என்று கும்பிடுகிற முத்துப்பட்டன் பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டு அக்கா தங்கையைக் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்துப் போட்டுச் செருப்புத் தைத்தவன், மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். நேர்ந்து வைத்த செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் காக்கிறான் என்பார்கள். தேய்ந்த செருப்பை நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன், நம்புகிறேன்.

ஆற்றங்கரைக்காரி:
துணி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எங்கள் அம்மாவும் அப்படித்தான் பிடிவாதம் பிடித்தார். படித்துறையில் முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் யாரோ விட்ட சேலை அவர் காலில் சுற்றி விழப் பார்த்தார், நல்லவேளை நான் கையைப் பிடித்திருந்தேன். அந்தத் துணிகள் பாறையிலும் மரவேரிலும் சிக்கி மட்கிக் கிடக்கின்றன. இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அத்தையிடம் பாவம் புண்ணியம் என்று வாதாட வேண்டாம், அவர் வருத்தத்தில் இருக்கிறார். மாற்றுத்துணியோடு ஒரு துணிப்பையையும் எடுத்துப் போய், "நனைந்ததை மடித்து வைத்துக்கொள்கிறேன் அத்தை, வீட்டில் துவைத்து யாருக்காவது கொடுப்போம்" என்று கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தானமாகப் போகிறது என்றதும் எங்கள் அம்மா ஒத்துக்கொண்டார்.

ராமமூர்த்திநகர் மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. ஆவணியில் போவதாக முடிவு செய்துவிட்டோம். எல்லாவற்றையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன், துணிக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பிறந்த வருஷம் மாமனார் அங்கே மரத்தில் ஒரு மணி கட்டினாராம். அது இன்னும் இருக்குமா?

விகேபுரத்தான்:
அது இலுப்பை மரம் தங்கச்சி, மணி விழுங்கி மரம் என்றுதான் பெயரே. கட்டுகிற மணியைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். வெளியே தெரியாவிட்டால் தொலைந்துவிட்டது என்று அத்தை நினைக்க வேண்டாம், மரத்துக்குள்தான் இருக்கும். தண்டில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கங்கே புடைத்திருக்கும்.