குழம்புப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், எப்படி மார்க் போடுவது?

வடவள்ளிவாசி:
வணக்கம். எங்கள் அபார்ட்மெண்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை குழம்புப் போட்டி வைத்திருக்கிறோம். வீட்டில் சமைப்பவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம், கேட்டரிங் ஆட்கள் கிடையாது. நுழைவுக் கட்டணம் 200 ரூபாய், சாப்பிட வருகிறவர்களுக்கு டோக்கன் 100 ரூபாய். சேருகிற பணம் முழுவதும் பின்தெருவில் நடக்கிற இலவச டியூஷன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகிறது. இதுவரை 18 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சைவம்.

மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். வீட்டில் தினமும் நான்தான் சமைக்கிறேன், ஆனால் இப்படி உட்கார்ந்து மார்க் போட்டதில்லை. ருசி, மணம், பதம், தோற்றம் என்று பிரித்து ஒரு தாள் தயார் செய்துவிட்டேன். 18 குழம்பை ருசிப்பதற்குள் நாக்கு மரத்துப்போகாதா என்பது முதல் கவலை. இரண்டாவது, எல்லாம் தெரிந்த முகங்கள். எதிர் வீட்டு அக்கா இருக்கிறார், பெரிய தொகை நன்கொடை தந்த வீட்டிலிருந்தும் ஒருவர் சமைக்கிறார். யாருக்குப் பரிசு கொடுத்தாலும் பேச்சு வரும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாளை மெஸ் அம்மா:
தம்பி, மார்க் தாள் கிடக்கட்டும். முதலில் ருசிக்கிற வரிசையைச் சரிபண்ணுங்கள். பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதி மெஸ்ஸைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முதியோர் இல்லத்துக்காக இதே மாதிரிப் போட்டி வைப்போம், அதற்கு நடுவராக உட்கார்ந்து வருகிறேன். முதலில் வந்த குழம்புக்கு எந்த நாக்கு கிடைத்ததோ, கடைசியில் வருகிற குழம்புக்கும் அதே நாக்கு கிடைக்க வேண்டும். நடுவர் வேலை என்றால் எனக்கு அதுதான்.

யார் என்ன குழம்பு வைக்கப்போகிறார்கள் என்று முந்தின நாளே ருசி பார்க்காத ஒருவரை எழுதி வாங்கச் சொல்லுங்கள். பெயர் கொடுத்த வரிசையில் ருசித்தீர்களானால் சொதி வைத்தவர் பாவம். எங்கள் ஊர்ச் சொதியில் தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய், இஞ்சி, இறக்கும்போது எலுமிச்சை. காரமெல்லாம் பச்சை மிளகாயும் இஞ்சியும் லேசாகத் தருவதுதான். பூண்டு போட்ட காரக்குழம்பைச் சாப்பிட்ட வாயில் அதை வைத்தால் ஒன்றுமே தெரியாது. சொதியும் மோர்க்குழம்பும் முதலில் வரட்டும். அடுத்து சாம்பார், பிட்லை. அப்புறம் தீயல். வத்தக்குழம்பும் காரக்குழம்பும் கடைசி. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. மோர்க்குழம்பு மறுபடி கொதித்தால் திரிந்துபோகும், எலுமிச்சை பிழிந்த சொதியும் திரும்ப அடுப்பேறினால் ருசி கெடும். இரண்டும் காத்திருக்க முடியாதவை. வத்தக்குழம்பு ஆற ஆறத்தான் ருசி ஏறும். ஒரே வகைக்குள் நடுவர்கள் மூவரும் வெவ்வேறு கிண்ணத்திலிருந்து ஆரம்பியுங்கள். எப்போதும் ஒருவருடையதே கடைசியாக வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

வெறும் குழம்பைக் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்து மார்க் போடாதீர்கள். குழம்பில் உப்பு போடுவது சோற்றுக்கும் சேர்த்துத்தான். தனியாகக் குடித்தால் சரியான உப்பு கரிக்கும், உப்புக் குறைந்தது நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரே பானையில் உப்பில்லாமல் வடித்த சூடான சோறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கவளம் அளவு, அதன்மேல் ஒரு கரண்டிக் குழம்பு. கையால் பிசையுங்கள். பிசையும்போதே பாதி தெரிந்துவிடும். சாம்பாரானால் தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பருப்பு ஒரு பக்கம் தங்கித் தண்ணீர் தனியாக ஓடினால், பருப்பும் புளியும் சேர்ந்து கொதிக்கவில்லை. வத்தக்குழம்பில் ஓரத்தில் நல்லெண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். விழுங்கிய பிறகும் புளி பச்சையாகத் தொண்டையில் நின்றால் அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். நிறத்துக்கு ரொம்ப மார்க் வேண்டாம். பழைய புளி கறுக்கும், புதுப் புளி வெளுப்பாக இருக்கும். அதில் கைப்பக்குவம் ஒன்றும் இல்லை.

நாக்கு மரத்துப்போவதற்குத் தண்ணீர் போதாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலிலும் தயிரிலும் உள்ள புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு குழம்புக்கும் பிறகு ஒரு வாய் தயிர், ஒரு விள்ளல் வெறும் இட்லி. வகை மாறும்போது எழுந்து பத்து நிமிஷம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அன்று காலையில் வெற்றிலை பாக்கு கூடாது.

முகம் தெரிந்தவர்கள் விஷயம். சமைத்த பாத்திரம் நடுவர் கண்ணில் படவே கூடாது. எதிர் வீட்டு அக்காவின் தூக்குவாளியை நீங்கள் தினம் பார்க்கிறீர்களே! எல்லாவற்றையும் ஒரே மாதிரி எவர்சில்வர் கிண்ணத்துக்கு மாற்றி, 417, 862 என்று மூன்று இலக்க எண் ஒட்டச் சொல்லுங்கள். 1, 2, 3 என்று ஒட்டினால் ஒன்றாம் எண்ணை மனசு தானாக உசத்தியாக எடுத்துக்கொள்ளும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ருசி பார்க்காத ஒருவர் கையில் இருக்கட்டும்.

ஆடிட் ஆபீஸ்காரன்:
அம்மா சொன்னதெல்லாம் சரி. நான் கூட்டல் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்று பேர் மார்க்கையும் அப்படியே கூட்டாதீர்கள். ஒரு நடுவர் எல்லோருக்கும் 70-இலிருந்து 75-க்குள் போடுவார். இன்னொருவர் 30-இலிருந்து 95 வரை போடுவார். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதே முடிவாகிவிடும், முதல் நடுவர் உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லை. ஒவ்வொரு நடுவரின் மார்க்கையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசையாக மாற்றி, அந்த இட எண்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் வெற்றி. தாளை ஒப்படைக்கும் வரை நடுவர்கள் ஒருவருக்கொருவர் பேசவே கூடாது. "ஆஹா" என்று ஒருவர் சொன்னாலே மற்ற இருவர் பேனாவும் ஆடும்.

சூலூர் மலர்:
ஒரு சின்ன விஷயம். சாப்பிட வருகிறவர்களுக்காகக் கிண்ணம் பக்கத்தில் என்னென்ன சேர்த்தது என்று எழுதி வையுங்கள். நிலக்கடலை, முந்திரி, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். கடையில் விற்கிற பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். என் பையனுக்குக் கோதுமை ஆகாது, அதனால் பொது விருந்தில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

வடவள்ளிவாசி:
எல்லோருக்கும் நன்றி. சோற்றோடு பிசைந்து ருசிப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று கேட்க வேண்டும். மக்கள் விருப்பப் பரிசு ஒன்று வைக்கலாம் என்கிறது கமிட்டி. ஓட்டு ஒன்றுக்கு 10 ரூபாய், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நிதி நிறைய வரும், ஆனால் காசுள்ளவர் ஜெயித்துவிடுவாரே?

பாளை மெஸ் அம்மா:
தாராளமாக வையுங்கள் தம்பி, பிள்ளைகளின் ஃபீஸுக்குத்தானே போகிறது. அதற்கு ருசிப் பரிசு மாதிரி பெயர் மட்டும் வைக்காதீர்கள். "அதிக நிதி திரட்டிய குழம்பு" என்று போர்டிலேயே எழுதுங்கள். நன்கொடை தந்த வீட்டார் அதை வாங்கினால் மேடையில் கூப்பிட்டு மனசாரக் கைதட்டுங்கள், அவர்களும் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்கள். ருசிப் பரிசில் அந்தக் கணக்கு கலக்கக் கூடாது, அதை மைக்கில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சு வருவதைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, 18 பேருக்கும் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது. "தாளிப்பு மணம் பிரமாதம், புளி இன்னும் கொஞ்சம் கொதித்திருக்கலாம்" என்கிற மாதிரி. "நன்று", "அருமை" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. விடியற்காலையில் எழுந்து தேங்காய் துருவி, வறுத்து அரைத்துக் கொண்டுவந்தவருக்குத் தன் குழம்பை ஒருவர் கவனித்துச் சாப்பிட்டார் என்று தெரிய வேண்டும். கவளம் வாயில் இருக்கும்போதே அந்த எண்ணுக்கு நேராக எழுதிவிடுங்கள். நாலு குழம்பு தாண்டினால் எது எது என்று ஞாபகம் இருக்காது.