1793 ஐந்து கோபெக்: 3-க்குப் பின்னால் தெரிவது ஓவர்டேட்டா, மறு அச்சா?

பாலக்கோடு_செம்பு:

எல்லோருக்கும் வணக்கம். ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் காலத்து செம்பு 5 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்) பற்றி ஒரு சந்தேகம். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, அதன் இரண்டு பக்கமும் ஈ, எம் எழுத்துகள் (எகாடெரின்பர்க் நாணய ஆலையின் குறி). மறுபக்கம் கிரீடம் வைத்த மோனோகிராம் (அரசியின் பெயரெழுத்துச் சின்னம்), அதற்கு இடப்பக்கம் 17, வலப்பக்கம் 93. எடை 50.3 கிராம், விட்டம் சுமார் 42 மி.மீ.

கடைசி 3-இன் இடது ஓரத்தில் ஒரு வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 6 மாதிரியும் தெரிகிறது, 8 மாதிரியும் தெரிகிறது. விற்றவர் ஓவர்டேட், அதாவது காசு அடிக்கும் டையில் பழைய வருட எண் மேலேயே புது எண் குத்தியது, என்று குறித்திருந்தார். எதை வைத்து உறுதி செய்வது? இன்னும் இரண்டு கேள்வி. ஓரத்தில் பச்சைக் களிம்பு இருக்கிறது, சுத்தம் செய்யலாமா? தரம் பார்க்க வெளிநாட்டு கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

ஊத்தங்கரை_லூப்:

1793, ஈ.எம். என்றதுமே மறு அச்சாக (பழைய காசின் மேலேயே வேறு டையால் அடித்தது) இருக்குமோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். காரணம் இதுதான்.

அன்றைய கணக்கில் ஒரு பூட் செம்பில் (16.38 கிலோ) 16 ரூபிள் மதிப்புக்கு நாணயம் அடித்தார்கள். அதாவது 320 ஐந்து கோபெக், ஒன்றுக்கு 51.19 கிராம். 1796-இல் அதே பூட்டில் 32 ரூபிள் அடிக்கத் தீர்மானித்தார்கள். 51 கிராம் செம்பு அப்படியே 10 கோபெக் ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் கேத்தரின் இறந்தார். மகன் முதலாம் பாவெல் பழைய கணக்குக்கே திரும்பினார். அடித்து வைத்த 10 கோபெக்குகளை உருக்கவில்லை, அவற்றின் மேலேயே 5 கோபெக் டையை வைத்து மறுபடி அடித்தார்கள். அதற்குப் பழைய வருடம் போட்ட டைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 1793 ஈ.எம். அதிகம் கிடைக்கும். ஆக, 1793 என்று இருக்கும் காசு 1796-க்குப் பிறகு அடித்ததாக இருக்கலாம். அடியில் நசுங்கிக் கிடப்பது '1796'-இன் 6 ஆக இருக்கலாம்.

இன்னொரு கோணம்: ஓவர்டேட்டில் முந்தைய வருடத்தின் எண் கீழே, பிந்தைய வருடத்தின் எண் மேலே இருக்கும். 3-க்கு அடியில் 2 என்றால் பொருத்தம். 3-க்கு அடியில் 6 என்றால், எண் தவறாகக் குத்தித் திருத்திய டை என்றாலொழிய கணக்கு ஒத்துவராது.

லைட்டைக் காசின் மட்டத்திலிருந்து 10 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து, சுற்றிலும் எட்டுத் திசையிலிருந்து படம் எடுத்துப் போடுங்கள். நம் பக்கத்து நடுகல் எழுத்தைச் சாய்ந்த வெயிலில் படிப்பது போலத்தான் இதுவும். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடாது. லைட் இடப்பக்கம் இருக்கும்போது கோட்டின் இடது ஓரம் பளிச்சென்று, வலது ஓரம் நிழலாக இருந்தால் அது மேடு. மாறி இருந்தால் பள்ளம், அதாவது கீறல். கழுகுப் பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள்.

ஓசூர்_டூல்ரூம்:

டை வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இது விளங்கினால் படம் பார்த்தே பிரித்துவிடலாம்.

நாணயத்தில் மேடாக இருக்கும் எண் டையில் பள்ளம். பள்ளத்தை அடைத்து அழிக்க முடியாது. சுற்றியுள்ள முகத்தைத் தேய்த்து இறக்கலாம், அல்லது புது எண் பஞ்சை (எண் வடிவில் முனை உள்ள உளி) அதன் மேலேயே அடித்து மறைக்கலாம். அதனால்தான் பழைய எண்ணின் ஆழமான பகுதி தங்கிவிடுகிறது. ஹார்டனிங் ஆன, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய டையில் பஞ்ச் இறங்காது. ஓங்கி அடித்தால் பஞ்சின் முனை உடையும், இல்லை டை வெடிக்கும். ஆகவே ஹார்டனிங்குக்கு முன் கையிருப்பில் இருந்த டையிலோ, அனீலிங் செய்து மறுபடி மென்மையாக்கிய டையிலோதான் எண்ணை மாற்ற முடியும்.

இதன் விளைவு நாணயத்தில் இப்படி இருக்கும். ஓவர்டேட்டில் இரண்டு எண்ணும் மேடு. பழையது கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் ஓரம் கூர்மையாக இருக்கும். புது எண்ணின் கோடு எங்கும் அறுபடாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிமிர்வில் நிற்கும், ஏனென்றால் இரண்டும் அதே இடத்தில் குத்தியவை. 8-க்கு அடியில் 7 இருந்தால், மேல் வட்டத்தின் இடது மூலையில் 7-இன் நேர்க்கோட்டு முனை எட்டிப் பார்க்கும், கீழ் வட்டத்துக்குள் சாய்ந்த கால் ஓடும்.

மறு அச்சில் கீழே இருப்பது டையின் பள்ளம் கிடையாது, பழைய காசின் மேடு. புது டையின் தட்டைப் பகுதி அதை நசுக்கிவிடும். எனவே அகன்று, தட்டையாக, பேய் போலத் தெரியும். எந்தக் கோணத்திலும் இருக்கும், தலைகீழாகவும் இருக்கலாம். அது குறுக்கே போகும் இடத்தில் புது எண் மங்கும்.

மூன்றாவதாக இரட்டை அடி, அதாவது அதே டை ஒரே காசில் இரண்டு முறை விழுவது. அதில் 3 மட்டும் இரட்டிக்காது, பக்கத்து 9-உம் மோனோகிராமைச் சுற்றிய மாலையின் இலையும் அதே திசையில், அதே அளவு நகர்ந்திருக்கும்.

பாலக்கோடு_செம்பு:

படங்கள் போட்டிருக்கிறேன். வளைவு மேடுதான், ஆனால் தட்டை. 3-க்குச் சுமார் 40 டிகிரி சாய்ந்திருக்கிறது. கழுகின் வலது சிறகுக்குக் கீழே ஒரு பெரிய வில் போன்ற கோடும், அதை ஒட்டி ஒரு நேர்க்கோடும் தெரிகின்றன. முன்பு அதை அடிபட்ட தடம் என்று விட்டிருந்தேன்.

ஊத்தங்கரை_லூப்:

முடிந்தது நண்பரே, அது '10'. 1796-இன் 10 கோபெக்கில் ஒரு பக்கம் மோனோகிராம், மறுபக்கம் பெரிய 10-உம் வருடமும். மதிப்பு எழுதிய முகம் உங்கள் காசில் கழுகுப் பக்கம் வந்திருக்கிறது. அப்படியானால் மறுபக்கம் 3-ஐ ஒட்டித் தெரிவது வருடத்தின் 6 கூடக் கிடையாது, பழைய மோனோகிராமின் வளைவு. ஓவர்டேட் என்ற பேச்சை இங்கே விட்டுவிடலாம். ஆனால் பாவெல் காலத்து மறு அச்சு கண்ணெதிரே படிக்கக் கிடைப்பது குறைந்த விஷயம் இல்லை.

அடிப்படை இதுதான்: ஓவர்டேட் டையின் அடையாளம், மறு அச்சு அந்த ஒரு காசின் அடையாளம். உண்மையான ஓவர்டேட் என்றால் அதே டையில் அடித்த வேறு காசிலும் அதே இடத்தில் அதே முனை நீட்டியிருக்க வேண்டும். ஏலங்களின் பழைய படங்களில் அதே வருடம், அதே ஆலை காசுகளைத் தேடுங்கள். மோனோகிராமின் அகலத்தை வைத்து இரண்டு படத்தையும் ஒரே அளவாக்கி, மேலே உள்ளதைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். எண்களின் இடைவெளியும் கிரீடத்துக்கும் இலைக்கும் உள்ள தூரமும் பொருந்தினால் அதே டை. ஜோடி கிடைக்காத 'ஓவர்டேட்டுக்கு' கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

எண்ணைச் செதுக்கி மாற்றிய காசுகளும் வருகின்றன. எண்ணைச் சுற்றி மட்டும் தரை தாழ்ந்து, நிறம் மாறி, நுண்ணிய இழுப்புக் கோடுகள் இருந்தால் வாங்காதீர்கள்.

எடை பற்றி: அன்று பூட்டுக்கு இத்தனை என்று மொத்தமாகத்தான் சரிபார்த்தார்கள், ஒவ்வொன்றும் சில கிராம் ஏறி இறங்கும். 50.3 இயல்பானது. சந்தேகம் இருந்தால் அடர்த்தி பாருங்கள். 0.01 கிராம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். உங்கள் காசுக்குத் தராசு 5.6 முதல் 5.7 காட்ட வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த போலி என்றால் 7-க்கு மேல் போகும். குழிகளில் காற்றுக் குமிழி ஒட்டினால் எண் கூடுதலாக வரும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி விலகும்.

அதியமான்கோட்டை_காசு:

களிம்புக்கு வருகிறேன். வீட்டில் செம்புக் குடம் தேய்ப்பது போலப் புளியோ எலுமிச்சையோ போட்டுவிடாதீர்கள். அமிலம் பேட்டினாவை (காலப்போக்கில் படிந்த மேல்படலம்) அரித்துக் காசை ரோஸ் நிறமாக்கிவிடும். கூடவே, மேலே பேசிய அந்த மெல்லிய அடித்தடமும் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடித்து அதிலும் அமிலம் சேரும்.

பச்சை பிசுபிசுப்பாக இருந்தால் அது பிவிசி கவரின் வேலை. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்த அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அழுத்தாமல் உருட்டி எடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அது ஆகாது.

வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்த இடத்தில் மறுபடி வந்தால் அது குளோரைடு நோய். மற்ற காசுகளிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக பெட்ரோல் பங்கில் கிடைப்பது போதும், ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். நம் தருமபுரி மாவட்ட போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது ஊருக்கே தெரியும். காசுக்கு அதைவிடக் கெடுதல் அதில் கரைந்த குளோரைடு உப்பு, அதனால் குழாய்த் தண்ணீரே வேண்டாம். முடித்ததும் அசிட்டோனில் ஒருமுறை முக்கினால் ஈரம் வெளியேறும். பிறகு பாலியெஸ்டர் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கெட்டியாக, உதிராமல் ஒட்டியிருக்கும் பச்சையைத் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சட்டம் 'எந்த நாணயமும்' என்றுதான் சொல்கிறது, ரஷ்ய நாணயம் என்பதற்காக விலக்கு இல்லை. வாங்கிய ரசீதும் பார்சல் கவரும் பத்திரமாக இருக்கட்டும்.

பாலக்கோடு_செம்பு:

மிக்க நன்றி. லேபிளில் எப்படி எழுதுவது?

ஊத்தங்கரை_லூப்:

"5 கோபெக் 1793 ஈ.எம்., 10 கோபெக் 1796 மேல் மறு அச்சு, 50.3 கிராம்" என்று எழுதுங்கள். பின்பக்கம், அடியில் உள்ள '10' கழுகுக்கு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது, பழைய மோனோகிராம் தடம் எங்கே தெரிகிறது என்று குறித்து, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.