இந்தியானாவின் ‘கருத்துப் பன்மை’ சட்டம்: பாடத்தில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

கேள்வி:
அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 2024-இல் வந்த எஸ்.இ.ஏ. 202 சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகங்களில் டெனியூர் (எளிதில் நீக்க முடியாத நிரந்தரப் பணி) பெற்ற ஆசிரியர்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும். பல்வேறு அரசியல், கருத்தியல் நோக்கிலான ஆய்வு நூல்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்களா என்பதும் ஓர் அளவுகோல். அப்படியானால் பரிணாமம் நடத்துபவர், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்துக்கும் சம நேரம் ஒதுக்கணுமா? கல்விச் சுதந்திரம் என்று நீதிமன்றம் போனால் நிற்குமா?

பதில் 1:
சம நேரம் எங்கும் கேட்கப்படவில்லை. சட்டம் சொல்வது ஆய்வு நூல்களை; அதுவும் அந்தத் துறையின் பாடத்திட்டத்துக்குள் வரக்கூடியவற்றை. உயிரியலாளருக்குக் கவலை வேண்டாம். பொருளியல், வரலாறு, சமூகவியல்காரர்கள்தான் யோசிக்கணும். குறைந்தபட்சக் கூலி நடத்தினால், கூலியை உயர்த்தியதால் நியூ ஜெர்சி உணவகங்களில் வேலைகள் குறையவில்லை என்ற கார்ட்–குரூகர் ஆய்வோடு (1994) அதை மறுத்த நியூமார்க்–வாஷர் கட்டுரையையும் (2000) கொடுங்கள். எப்படியும் அதுதான் நல்ல வகுப்பு. ஒவ்வொரு வாசிப்பும் ஏன் என்று பாடத்திட்டத் தாளில் ஒரு வரி எழுதி, பருவம்தோறும் பிரதி எடுத்து வையுங்கள். மாணவர்கள் புகார் தரவும் இச்சட்டம் வழி செய்கிறது. வந்த பிறகு ஞாபகத்திலிருந்து பதில் எழுதினால் தேறாது.

பதில் 2:
நீதிமன்றம் பற்றி: கெயிஷியன் வழக்கில் (1967) உச்ச நீதிமன்றம் கல்விச் சுதந்திரத்தை பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தோடு சேர்த்துப் பேசியது. கார்செட்டி தீர்ப்போ (2006), அரசு ஊழியர் பணிக் கடமையாகப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. கற்பித்தலுக்கும் இது பொருந்துமா என்பதை முடிவு செய்யாமல் விட்டது. பொருந்தாது என்று நான்காம் வட்ட (சில மாநிலங்களை உள்ளடக்கிய கூட்டாட்சி நீதிமன்றப் பகுதி) மேல்முறையீட்டு நீதிமன்றமும் (2011) ஒன்பதாம் வட்டமும் (2014) சொல்லிவிட்டன. இந்தியானா இருப்பது ஏழாம் வட்டத்தில். அந்தத் தீர்ப்புகள் அதைக் கட்டுப்படுத்தாது என்றாலும், 2025-இல் அதுவும் அதே முடிவுக்கு வந்தது.

தனியார் பல்கலைக்கழகத்தில் முதல் திருத்தமே செல்லாது. அங்கே ஆசிரியர் கையேடுதான் ஒப்பந்தம். மார்கெட் (Marquette) என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் வழக்கில் 2018-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் பேராசிரியர் பக்கம் நின்றது அந்த அடிப்படையில்தான். வேலையை ஏற்குமுன் பணிநீக்கப் பிரிவையும், நிர்வாகம் கையேட்டைத் தானாகத் திருத்தலாமா என்பதையும் படித்துவிடுங்கள்.

பதில் 3:
முதல் பதிலில் உள்ள நிம்மதி எனக்கில்லை. டெனியூருக்குக் காத்திருப்பவர் பல நோக்குகளை அறிமுகப்படுத்த வாய்ப்பில்லை என்று அறங்காவலர் குழு முடிவுசெய்தாலே மறுத்துவிடலாம். இனி நடக்கப்போவது பற்றிய ஊகத்தை எந்த ஆவணத்தால் மறுப்பது? பயந்தவர் சர்ச்சைக்குரிய வாசிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார். பன்மை அங்கேயே குறையும். ஒரு துறை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருப்பது உண்மையான குறைதான். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் துறையின் பணியமர்த்தல் குழு.

ஒன்று மட்டும் கைகொடுக்கும்: நிர்வாகத்தை விமர்சித்ததையோ, கற்பித்தலுக்கு வெளியே செய்த அரசியலையோ டெனியூர் மறுப்புக்கோ மோசமான மதிப்பீட்டுக்கோ காரணமாக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மேல்முறையீடு என்று வந்தால் அந்தப் பிரிவை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.