கருவிழி தளரும்போது மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? அனுபவப் பகிர்வு

ஒரு கண் மருத்துவமனையின் வெவ்வேறு பிரிவுகளில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வது:

டோபோகிராபி அறை

கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும் நோய்) சந்தேகத்தில், கருவிழியின் வடிவத்தை வரைந்து காட்டும் டோபோகிராபி ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பலர், அன்று காலை வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்த கண்ணோடுதான் வருகிறார்கள். லென்ஸ் அழுத்திய கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்ப நாளாகும். சாஃப்ட் லென்ஸுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், ஆர்ஜிபி என்னும் விறைப்பான லென்ஸுக்கு மூன்று வாரமாவது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது லென்ஸின் அச்சைத்தான்.

நோய் கூடுகிறதா என்று பார்க்க, 12 மாதத்தில் கேமேக்ஸ் (கருவிழி மிகச் செங்குத்தாக வளைந்த இடத்தின் எண்) 1 டயாப்டர் ஏறுவதைப் பலரும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கூம்பு முற்றிய கண்ணில் ஒரே நாளில் மூன்று முறை எடுத்தாலே எண் அந்த அளவு ஆடும். அதனால் ஒரே மெஷினில் மூன்று ஸ்கேன் எடுத்து ஒப்பிடுங்கள். வேறு ஊரில் வேறு மெஷினில் எடுத்த பழைய ரிப்போர்ட்டை இதோடு கழித்துப் பார்ப்பதில் பயனில்லை.

"கண்ணைக் கசக்குவாயா?" என்று பையனிடம் கேட்டால் பதில் எப்போதும் "இல்லை"தான். அம்மாவிடம் கேளுங்கள். விரல் முட்டியால் அழுத்திக் கசக்கும் பழக்கம்தான் இந்த நோய்க்கு மோசமானது. அலர்ஜியை அடக்காமல் "கசக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்புவது வீண்.

சி3ஆர் தியேட்டர்

மேலே சொன்னதோடு சேர்த்து: கருவிழியின் தடிமனில் சுமார் 90 சதவீதம் ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு. அதன் கொலாஜன் அடுக்குகளுக்கு இடையிலான பிடி தளர்வதுதான் இந்த நோய். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமாகவே இருந்தாலும், தளர்ந்த இடம் அதைத் தாங்காமல் முன்னே பிதுங்கும். பிதுங்கினால் மெலியும், மெலிந்தால் இன்னும் பிதுங்கும். சி3ஆர் என்பது சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு அந்தப் பிடியை இறுக்கும் சிகிச்சை.

2003இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு வெளியிட்ட முறைதான் இன்றும் அளவுகோல். சுமார் 9 மி.மீ. வட்டத்துக்கு மேல்தோலைச் சுரண்டி எடுத்து, 0.1 சதவீத ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை 30 நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு 370 நானோமீட்டர் புற ஊதா ஒளி, 3 மில்லிவாட், இன்னும் 30 நிமிடம். மொத்தம் சதுர செ.மீ.க்கு 5.4 ஜூல்.

தவறு நடப்பது தடிமனில்தான். காலை ஸ்கேனில் 450 மைக்ரான் இருந்தது என்று நேராக விளக்கைப் போட்டுவிடக் கூடாது. மேல்தோல் போனதில் 50 குறையும். டெக்ஸ்ட்ரான் கலந்த சொட்டு தண்ணீரை இழுத்து இன்னும் மெலிய வைக்கும். ஊறிய பின், விளக்கு போடும் முன் தடிமன் அளக்கும் பேக்கிமீட்டரில் மறுபடி அளக்க வேண்டும். 400க்குக் கீழே என்றால் ஹைப்போ ஆஸ்மோலார் (செறிவு குறைந்த) சொட்டால் வீங்க வைத்துவிட்டுத்தான் விளக்கு. மெலிந்திருந்தால் ஒளி உள்பக்கம் வரை போகும்; அங்குள்ள எண்டோதீலியம் செல்கள் ஒருமுறை கருகினால் மறுபடி முளைக்காது.

இன்னொன்று: 9 மில்லிவாட், 10 நிமிடம் என்றாலும் கணக்கு அதே 5.4தான். ஆனால் இந்த வேதிவினைக்கு ஆக்சிஜன் வேண்டும். வேகமாகச் செலவானால் காற்றிலிருந்து அது உள்ளே ஊறி வரும் வேகம் போதாது. கணக்கு சமம் என்பதால் இறுக்கமும் சமமாகிவிடாது.

லென்ஸ் கிளினிக்

சார், சி3ஆர் முடிந்த முதல் மாத ஸ்கேனில் கூம்பு கூடியதுபோலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் போன் செய்பவர்கள் நிறைய. 6 மாதம், 12 மாத ஸ்கேன்தான் பேசும். பவர் போய்விடும் என்று யாரும் சொல்லி அனுப்பாதீர்கள். இது நோயை நிறுத்தி வைக்கும் வேலை. தெளிவான பார்வைக்குக் கண்ணாடியோ ஆர்ஜிபியோ வெள்ளை விழிமேல் உட்காரும் பெரிய ஸ்க்ளீரல் லென்ஸோ பிறகும் வேண்டியிருக்கும்.

லேசிக் பிளானிங்

லேசிக் என்பது கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்வது. செதுக்கிய பின் ஃப்ளாப்புக்கு (மேலே மூடிபோல வெட்டித் தூக்கும் படலம்) அடியில் 250 மைக்ரான் மிச்சம் இருந்தால் போதும் என்ற பழைய விதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது ஆபத்து. ஒரு கணக்கு: தடிமன் 500, ஃப்ளாப் 110, மைனஸ் 8 பவர், 6 மி.மீ. வட்டம். ஒரு டயாப்டருக்குச் சுமார் 12 மைக்ரான் வீதம் 96 செதுக்கப்படும். மிச்சம் 294, விதிப்படி பாஸ். ஆனால் 110 + 96 = 206, அதாவது மொத்தத் தடிமனில் 41 சதவீதம் கைவிட்டுப் போகிறது. 40ஐத் தொட்டாலே எக்டேசியா (கருவிழி தளர்ந்து பிதுங்குவது) அபாயம் ஏறுகிறது. கருவிழியின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான் இழைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, பலமே அங்கேதான். ஃப்ளாப் மூடி ஆறினாலும் அது பழையபடி சுமை தாங்காது.

க்ளாகோமா பிரிவு

இவர்கள் எல்லோரும் கடைசியில் க்ளாகோமா (பார்வை நரம்பு சிதையும் நோய்) பார்க்கும் எங்களிடம் வருவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண் அழுத்தம் பார்க்கும் கோல்ட்மன் டோனோமீட்டர் 3.06 மி.மீ. வட்டத்தைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையைத்தான் அளக்கிறது. 1 கிராமுக்கு 10 மி.மீ. பாதரசம். மெலிந்து தளர்ந்த கருவிழி எளிதில் மடங்குவதால் எண் குறைவாகவே வரும். லேசிக் செய்த கண்ணில் 15 என்றால் அது உண்மையான 15 அல்ல. மைக்ரானுக்கு இத்தனை என்று கூட்டிக்கொள்ளும் அட்டவணைகளையும் நம்ப வேண்டாம். ஒரே தடிமனுள்ள இரண்டு கருவிழிகளுக்கு ஒரே விறைப்பு இருக்காது. பார்வை நரம்பைப் பாருங்கள், அதன் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேனைப் பாருங்கள். ஓஆர்ஏ மெஷின் இருந்தால் அது தரும் ஹிஸ்டெரிசிஸ் (கருவிழி அழுத்தத்தை உள்வாங்கித் தணிக்கும் திறன்) எண்ணையும் குறித்து வையுங்கள்; அது குறைவாக உள்ள கண்ணில் பார்வைப் பரப்பு வேகமாகச் சுருங்க வாய்ப்பு அதிகம்.

லேசிக் முடிந்து ஸ்டீராய்டு சொட்டு விடும்போது அழுத்தம் ஏறினால், ஃப்ளாப்புக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர்ப்படுகையின் மேல் வைத்தால் டோனோமீட்டர் 8, 9 என்று காட்டும். பார்வை மங்குகிறது, அழுத்தம் நன்றாக இருக்கிறது, வீக்கம்தான் என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் நரம்பு போய்விடும். நடுவில் அளக்காமல், ஃப்ளாப்புக்கு வெளியே ஓரத்தில் வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.