1.3 ஸ்விஃப்ட்டில் சூப்பர்சார்ஜர்: பிராக்கெட், பைபாஸ் பற்றி ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் (ஜி13பிபி இன்ஜின், 1298 சிசி) ஐசின் ஏஎம்ஆர்500 சூப்பர்சார்ஜர் (பெல்ட்டில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பம்ப்) பொருத்தும் வேலை. கிராங்க் புல்லி 130 மிமீ, சார்ஜர் புல்லி 80 மிமீ. இன்ஜின் 6000 சுற்றில் சார்ஜர் 9750. 0.4 பாருக்கு மேல் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) வேண்டாம். உள்ளே ஒரிஜினல் பிஸ்டன்தான், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) வந்தால் ரிங் பள்ளத்து விளிம்புதான் முதலில் உடையும்.

240 சிசி இன்ஜெக்டர், 2.5 பார் மேப் சென்சார் (காற்றழுத்தத்தை அளப்பது), தனி இசியு (இன்ஜின் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்), ஒரு படி கூல் ஸ்பார்க் பிளக் (இடைவெளி 0.7 மிமீ) முடிவாகிவிட்டது. முழு பூஸ்ட்டில் இக்னிஷன் டைமிங்கை 5, 6 டிகிரி குறைத்துத் தொடங்கலாம். பிசிவி (கிராங்க்கேஸ் காற்றோட்ட) குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்கி ஆயில் சீலைத் தள்ளிவிடும்.

சிக்கல் இரண்டு. திராட்டில் சார்ஜருக்குப் பிறகு வருகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் அடைபட்ட காற்று சூடேறும், பெல்ட் வழுக்கும். அந்தக் காற்றைத் திருப்பிவிடும் வேக்குவம் பைபாஸ் வால்வு எந்த அளவு போதும், 25 மிமீயா 32ஆ? கத்திப்பாரா நெரிசலில், மே மாத வெயிலில், இன்டர்கூலர் (உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பது) இல்லாமல் சமாளிக்க முடியுமா? தண்ணீரில் குளிரும் வகை இன்டர்கூலர்தான் சரி என்று தோன்றுகிறது.

அடுத்தது சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட். 10 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட்டில், புல்லிகள் 1 மிமீக்குள் நேராக நிற்கும்படி செய்து தரும் லேத் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தால் சொல்லுங்கள். இதே இன்ஜினில் செய்தவர்கள் பெல்ட் டென்ஷனர் வைத்த இடத்தின் படம் போட்டால் பெரிய உதவி.