புதுப்பிப்பு: ஈதர்நெட் வழி வட்டுக்குச் சாதனக் கோப்பு வந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாளையங்கோட்டையில் எங்கள் அச்சகத்தின் பழைய பக்கங்கள் அத்தனையும் இருக்கும் வட்டுப்பெட்டியை ஏடிஏ ஓவர் ஈதர்நெட் (ஏஓஇ) முறையில், அதாவது நெட்வொர்க் கம்பி வழியே, லினக்ஸ் கணினியோடு இணைத்தும், /டெவ்/ஈதர்டி அடைவில் வட்டுக்கான சாதனக் கோப்பு (நிரல்கள் வட்டை அணுகும் கோப்பு) வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

தீர்த்துவைத்தது தென்காசி அண்ணாச்சியின் யோசனைதான். “இதற்கு ஐபி முகவரி வேண்டாம். ஆனால் நெட்வொர்க் கார்டு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்” என்றார். முகவரி தேவையில்லையே என்று வட்டுப்பெட்டி இணைந்த இரண்டாவது கார்டை நான் இயக்காமலே விட்டிருந்தேன். ஐபி லிங்க் கட்டளையால் அதை எழுப்பியதும், அதுவரை அணைந்து கிடந்த பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து, வட்டுகளைத் தேடும் ஏஓஇ-டிஸ்கவர் கட்டளை. உடனே இ1.0 என்ற கோப்பும், அதன் பிரிவுக்கு (பார்ட்டிஷன்) இ1.0பி1 கோப்பும் தாமாகவே வந்து நின்றன. அந்தப் பெயரில் 1 அலமாரி எண், 0 அதிலுள்ள இடம்.

அதற்கு முன், ஏஓஇ இயக்கியைக் (டிரைவர்) குறிக்கும் முதன்மை எண் 152 கொடுத்து, எம்கேநோட் கட்டளையால் சாதனக் கோப்பைக் கையால் உருவாக்கும் வழியையும் முயன்றேன். கோப்பு உருவானது, திறந்தால் ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்ற பிழை. கோப்பு வெறும் வாசற்கதவுதான்; உள்ளே வட்டை, லினக்ஸின் மையமான கர்னல் கண்டிருக்க வேண்டும். சாதனக் கோப்புகளைத் தானாக உருவாக்கும் யூடெவ் இருக்கும் கணினியில் இந்த வேலையே வேண்டாம். புதிய இயக்கியில், எந்த வட்டு என்று குறிக்கும் துணை எண்கள் மாறக்கூடியவை என்பதால் கையால் செய்த கோப்பு வேறு வட்டைக் காட்டிவிடலாம். அந்தக் கோப்புகளை அழித்துவிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: கணினியை மறுபடி தொடங்கியபோது வட்டு ஏறவில்லை (மவுண்ட் ஆகவில்லை). ஏற்ற வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த வட்டின் வரியில், நெட்வொர்க் எழுந்த பிறகே ஏற்றச் சொல்லும் _நெட்டெவ் சேர்த்து, அந்தக் கார்டும் தொடக்கத்திலேயே எழும்படி அமைத்த பிறகு சரியாக ஏறுகிறது.