கலைச்சொல் தேவை: கழுதை வாக்கா, நிரல்நிறை வாக்கா?

வழிப்போக்கன்:
நண்பர்களே, கட்டாய வாக்களிப்பு பற்றிய பாடமொன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் 1924இல் சட்டம் வந்தது. 1922 தேர்தலில் 60 விழுக்காட்டை எட்டாத வாக்குப்பதிவு 1925இல் 91ஐத் தாண்டியது. அங்கே வேட்பாளர் எல்லாருக்கும் 1, 2, 3 என விருப்ப எண் இடவேண்டும். அபராதத்துக்குப் பயந்து வந்தவர்களில் சிலர், யார் எவரென்று பாராமல் மேலிருந்து கீழாக எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் கழுதையின் பெயர். தமிழில் என்ன சொல்லலாம்?

தும்பி:
'கழுதை ஓட்டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வகுப்பில் பிள்ளைகள் "எங்கே ஓட்டணும் டீச்சர்?" என்பார்கள். 'கழுதை வாக்கு' பரவாயில்லை, குறிசொல்வதுபோல ஒலித்தாலும்.

சொல்லேருழவர்:
'வாக்கு' வடசொல். 'ஓலை' இருக்கிறதே! குடவோலை கண்ட மொழிக்குப் பஞ்சமா? அதோடு 'கழுதை வாக்கு' ஆறாம் வேற்றுமைத் தொகையா, உவமைத் தொகையா? கழுதையினது வாக்கு என்று கொண்டால் பொருளே கெடும். நன்னூல் பொருள்கோளில் விடை கிடக்கிறது: நிரல்நிறை. பெயர்கள் ஒரு நிரலில், எண்கள் ஒரு நிரலில். கீழிருந்து மேலாக எண்ணிடுவோரும் உண்டாம், அது எதிர்நிரல்நிறை! ஒரே அடியில் இரண்டு கலைச்சொல்.

தும்பி:
ஐயா, அழகுதான். ஆனால் இன்றைய பிள்ளைக்கு நிரல் என்றால் கணினி நிரல். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். தவிர, குடவோலை வாக்களிப்பே அல்ல, குலுக்கல்.

வழிப்போக்கன்:
குலுக்கலும் இந்தக் கதையில் வருகிறது அம்மா. 1984க்கு முன் அங்கே கீழவைச் சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. முதலெழுத்தாலேயே சிலருக்கு வாக்கு விழுந்தது. அதன்பிறகு பெயர் வரிசையைக் குலுக்கிப் போடுகிறார்கள்.

சொல்லேருழவர்:
அப்படியானால் கழுதைக்கு மருந்தே குடவோலைதான்!

கரிச்சான்:
எனக்குச் சொல்லைவிட அதிலுள்ள ஏளனம் உறுத்துகிறது. தண்டம் கட்டச் சொல்லி வரவழைப்பது அரசு, வந்தவன் கழுதையா? சீட்டு இரகசியமானது, பெயரைப் பட்டியலில் அடித்துக்கொள்ளலாமே தவிர, உள்ளே என்ன எழுதினான் என்று யார் பார்க்க முடியும்? ஆகவே அது கட்டாய வாக்களிப்பே அல்ல, 'கட்டாய வருகை'. நெதர்லாந்து 1970இல் இதைக் கைவிட்டது சரியே.

தும்பி:
சிலி 2012இல் கைவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திரும்பக் கொண்டுவந்ததையும் சொல்லுங்கள். விருப்பமிருந்தால் வா என்றால் வசதியும் ஓய்வும் உள்ளவர்தான் வருவார். கட்சிகளும் அவர்களுக்கே பேசும்.

மட்டுறுத்துநர்:
கொள்கை விவாதத்துக்குத் தனி இழை தொடங்குக. 'கட்டாய வாக்களிப்பு' வழக்கில் நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

சொல்லேருழவர்:
தொடவில்லை. 'கட்டாயம்' கட்டு + ஆயம் என்பது என் துணிபு. ஆயம் வரி. வாக்கும் ஒரு வரி என்றாகிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:
வேண்டாம் ஐயா.

வழிப்போக்கன்:
நேரமாகிவிட்டது. 'கண்மூடி வாக்கு' என்று யோசித்தேன். கட்சிப் பற்றால் போடுவதையும் அது குறித்துவிடும். 'கழுதை வாக்கு' என்றே அனுப்பிவிட்டேன், மேற்கோள்குறி போட்டு, கீழே இரண்டு வரி விளக்கத்துடன். கரிச்சானின் வருத்தமும் அந்த விளக்கத்தில் இருக்கிறது.

கரிச்சான்:
என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

சொல்லேருழவர்:
இரண்டாம் பதிப்பு எப்போது?